மோடம் வீட்டுக்கு, ரௌட்டர் ஆளுக்கு

நண்பர்களோடு சேர்ந்து முதன்முறையாக வாடகை வீட்டுக்குக் குடிபோகவிருக்கும் மாணவர் ஒருவர், "நெட்டுக்கு எந்த பிளான் எடுக்கலாம், எந்த மோடம் வாங்கலாம்? ஒரே வரியில சொல்லுங்கண்ணா" என்று செய்தி அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் எத்தனை மாதம் இருப்பதாக உத்தேசம் என்று பதிலுக்குக் கேட்டேன். பத்து மாதம் என்றார். அவர் கையெழுத்துப் போடத் தயாராக வைத்திருந்த இணைய ஒப்பந்தமோ 24 மாதத்துக்கானது. அதை அவர் கவனிக்காமல் இல்லை. மாதக் கட்டணம் அதில்தான் குறைவு, வேகமும் அதில்தான் அதிகம் என்பது அவருடைய கணக்கு. அன்று எங்கள் பேச்சு முடிந்துவிட்டது என்றாலும் அந்தக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டு இணையத்தைப் பற்றி நம் காதில் விழும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சொந்த வீட்டில் நிலையாக இருப்பவரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கே வீட்டு உரிமையாளரிடம் கேட்க வேண்டியவருக்கும், படிப்பு முடிந்ததும் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவருக்கும் அதே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

யோசிக்க யோசிக்க எனக்குத் தெளிந்தது இதுதான். வாடகைக்கு இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அன்று. எது அந்த வீட்டைச் சேர்ந்தது, எது தன்னோடு வரக்கூடியது என்று அவர் பிரித்துக்கொள்ள வேண்டும். சுவருக்குள் வரும் கம்பி வீட்டைச் சேர்ந்தது. அந்தக் கம்பியின் மொழி தெரிந்த மோடமும் ஏறக்குறைய வீட்டைச் சேர்ந்ததே. வைஃபையைப் பரப்பும் ரௌட்டர் ஆளைச் சேர்ந்தது. திட்டம் இரண்டையும் சேராதது; அது குடியிருக்கும் காலத்தைச் சேர்ந்தது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "எல்லாம் இலவசம்" என்று விற்பனைப் பிரதிநிதி நீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

காலத்தின் கணக்கு

எந்த நாட்டுப் பணமாகவும் இல்லாமல் வெறும் எண்ணாகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதாமாதம் விலகிக்கொள்ளக்கூடிய திட்டத்துக்குக் கட்டணம் 10 என்றும், இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு மாதக் கட்டணம் 8 என்றும் வைத்துக்கொள்வோம். பத்து மாதம் குடியிருந்து காலி செய்பவர் முதல் திட்டத்தில் மொத்தம் 100 செலுத்தியிருப்பார். இரண்டாவதில் பத்து மாதத்துக்கு 80 செலுத்தியபின், மீதமுள்ள 14 மாதங்களின் கட்டணத்தில் பாதியை விலகல் கட்டணமாகக் கேட்டால்கூட, இன்னும் 56 சேர்ந்து 136 ஆகிவிடும். மீதி மாதங்களின் முழுக் கட்டணத்தையும் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு, அப்படியானால் 192. மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுபவர் கண்ணுக்கு இந்த எண்கள் எதுவுமே தெரிவதில்லை. முதல் ஆறு மாதம் சலுகை விலை, அதன்பின் வழக்கமான விலை என்று வரும் திட்டங்களிலும் இதே மறைவு இருக்கிறது. நிறுவும் கட்டணம், முன்பணம், கருவி வாடகை, விலகும்போது கருவியைத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, குடியிருக்கப் போகும் மாதங்களால் வகுத்துக் கிடைப்பதே உண்மையான மாதக் கட்டணம். இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டும் விளம்பரம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒப்பந்தம் யார் பெயரில் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் இணைப்புக்கு நான்கு பேர் பொறுப்பு என்று நட்பு சொல்லும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒருவரை மட்டுமே நிறுவனம் கேட்கும். நடுவில் ஒருவர் வேறு வீட்டுக்குப் போனாலும், விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தாலும் பில் வருவது நிற்காது. நீண்ட விடுமுறைக் காலத்துக்கு இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடியுமா, முகவரி மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா என்ற மூன்றையும் வாய்ச்சொல்லாகக் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் இருப்பது என்ன

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்ப்பவர்கள், இணையத்துக்கு என்ன கம்பி வருகிறது என்று சுவரைப் பார்ப்பதில்லை. மூலையிலோ கதவின் பின்னாலோ அதற்கான தடயம் இருக்கும். சிறிய வெள்ளைப் பெட்டியும் அதில் பச்சை நிற முனை செருகும் துளையும் இருந்தால் ஃபைபர், அதாவது ஒளியிழை. திருகிப் பொருத்தும்படி மரையும், நடுவில் மெல்லிய செம்புக் கம்பிக்கான துளையும் இருந்தால் கேபிள் டிவி வழி வரும் இணைப்பு. பழைய தொலைபேசிச் சாக்கெட் மட்டுமே இருந்தால், தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல். ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட கம்பியைப் பயன்படுத்துவதற்கும் புதிதாகத் துளையிட்டுக் கம்பி இழுப்பதற்கும் இடையே வீட்டு உரிமையாளரின் அனுமதி என்ற பெரிய மலை நிற்கிறது. துளையிட அனுமதி கிடைத்தாலும், காலி செய்யும்போது அந்தத் துளைக்கு முன்பணத்தில் பிடித்தம் வருமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தக் கம்பி என்பது எவ்வளவு வேகம் கிடைக்கலாம் என்பதையும் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. ஏடிஎஸ்எல்2+ என்ற தொலைபேசிக் கம்பித் தொழில்நுட்பத்தின் உச்சமே வினாடிக்கு 24 மெகாபிட். தொலைபேசி இணைப்பகத்திலிருந்து தூரம் கூடக் கூட அதுவும் தேய்ந்து, சில கிலோமீட்டர் தாண்டினால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். கேபிள் இணைப்பில் பதிவிறக்கம் தாராளமாக இருக்கும். பதிவேற்றம் அதில் பத்தில் ஒரு பங்கோ இன்னும் குறைவோதான் இருக்கும். ஃபைபரில் பரவலாகப் புழங்கும் ஜிபான் முறையில் ஓர் இழை சுமார் 2.5 ஜிகாபிட் பதிவிறக்கத்தையும் 1.25 ஜிகாபிட் பதிவேற்றத்தையும் சுமக்கிறது. அதை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்ளும். வாய்ப்பிருந்தால் ஃபைபர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பியே இழுக்க முடியாத வீட்டுக்கு 4ஜி, 5ஜி சிம் போட்ட ரௌட்டர் ஒரு வழி. துளை வேண்டாம், நிறுவ ஆள் வர வேண்டாம், வீடு மாறினால் பையில் போட்டு எடுத்துப் போகலாம். ஆனால் அது ஜன்னலருகே ஒரு குணமும் படுக்கையறையில் இன்னொரு குணமுமாக இருக்கும். மாலையில் கோபுரத்தில் கூட்டம் சேர்ந்ததும் படுத்துக்கொள்ளும். ஒரு மாதம் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பி ஆண்டு ஒப்பந்தம் போடக் கூடாது.

"எந்த மோடம் வாங்கலாம்?" என்ற கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது: பெரும்பாலும் வாங்க வேண்டாம். டிஎஸ்எல் மோடத்துக்கு ஃபைபர் புரியாது, கேபிள் மோடத்துக்குத் தொலைபேசிக் கம்பி புரியாது. காசு கொடுத்து வாங்கிய மோடம் அடுத்த வீட்டுக்குப் போனதும் வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகிவிடலாம். ஃபைபரில் மோடத்தின் வேலையைச் செய்யும் ஓஎன்டி என்ற பெட்டியை, அதன் வரிசை எண்ணை வைத்து நிறுவனம் தன் பக்கத்தில் பதிவு செய்தால்தான் அது உயிர்பெறும். கடையில் வாங்கிச் செருகிவிட்டால் மட்டும் வேலை செய்யாது. கேபிள் மோடத்துக்கும் நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாதிரிகளின் பட்டியல் ஒன்று இருக்கும், கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். கேபிள் இணைப்புதான், மோடத்துக்கு மாத வாடகை கறாராக வசூலிக்கிறார்கள், அதே ஊரில் மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கப் போவதும் உறுதி என்றால் மட்டும் சொந்த மோடம் கணக்குக்குக் கட்டுப்படியாகும். அப்போது கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் தரத்தில் 3.1-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம், 3.0 தரம் 2006-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

"பிளானை மாத்துடா"

ரௌட்டர் ஆளைச் சேர்ந்தது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மாணவப் பருவத்தில் நாங்கள் பகிர்ந்திருந்த வீட்டில் ஒரு மாலை நடந்த சோதனை. பகல் முழுவதும் ஒழுங்காக இருக்கும் இணையம், எல்லோரும் வீடு திரும்பியதும் திணறத் தொடங்கும். காணொலி வகுப்பில் குரல் இழுபடும், விளையாட்டில் ஆள் உறைந்து நிற்பார், ஒரு சாதாரணப் பக்கம் திறக்கவே மூச்சு வாங்கும். வேகச் சோதனைத் தளத்தில் பார்த்தாலோ, வாங்கிய வேகம் ஏறக்குறைய முழுதாகவே காட்டும். "மச்சான், இந்த பிளான் நாலு பேருக்குப் பத்தாது, பெரிய பிளானை மாத்துடா" என்பதே வீட்டின் ஒருமித்த தீர்ப்பு. ஒப்பந்தப் பெயர் என்னுடையது என்பதால் மட்டும் நான் கொஞ்சம் தயங்கினேன்.

அன்று மடிக்கணினியை வைஃபையிலிருந்து பிரித்து, லேன் கேபிள் மூலம் நிறுவனத்தின் பெட்டியிலேயே நேராகச் செருகி, கறுப்புத் திரையில் பிங் கட்டளையை ஓடவிட்டேன். ஒவ்வொரு வினாடியும் ஒரு வரி கீழிறங்கும்: 18 மில்லி விநாடி, 19, 18, 21. ஒரு சிறு தரவுப் பொட்டலம் வெளியே போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம் அது. வரிகள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று 240 என்றது, அடுத்த வரி 610, அதற்கடுத்து 790. பிறகு இறங்கவே இல்லை. யாரும் படம் பார்க்கவில்லை, யாரும் எதையும் பதிவிறக்கவில்லை. அப்போதுதான் வெளியிலிருந்து வந்த ஒருவர் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அந்தக் கைபேசி, வீட்டு வைஃபையைக் கண்டதும், அன்று எடுத்த காணொலிகளையெல்லாம் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கியிருந்தது. கைபேசியின் வைஃபையை அணைத்தேன். அடுத்த வரி 20.

இதன் பெயர் பஃபர்புளோட் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, 2010 வாக்கில் இந்தப் பெயரில் விரிவாக எழுதிப் பரப்பினார். நடப்பது இதுதான். பதிவேற்றப் பாதை குறுகலானது. எங்களுக்கு வினாடிக்கு 5 மெகாபிட், அதாவது 50 லட்சம் பிட். அனுப்ப வேண்டியவை அதைவிட வேகமாக வந்து சேர்ந்தால் மோடம் அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். அந்த இடம் 500 கிலோபைட் என்றால் 40 லட்சம் பிட். அது நிறைந்துவிட்டபின் புதிதாக வரும் எந்தப் பொட்டலமும் வெளியேற 0.8 வினாடி காத்திருக்க வேண்டும். கோப்பை அனுப்பும் கணினியோ, பொட்டலம் தொலைந்தால்தான் பாதை நிறைந்ததை உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். பெரிய நினைவகம் வைத்திருக்கும் மோடம் எதையும் தொலைக்காமல் அடுக்கிக்கொண்டே போவதால் அந்தச் செய்தி கணினிக்குத் தாமதமாகவே எட்டுகிறது. கிடங்கு வாசலில் மூட்டை இறக்கும் லாரி நின்றால், கையில் ஒற்றைக் கடிதத்தோடு வந்தவரும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். காணொலி வகுப்பில் நாம் பேசும் குரல் அந்த ஒற்றைக் கடிதம். பதிவிறக்கமும் தப்பவில்லை, ஏனென்றால் வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் சின்னஞ்சிறு பதில்களும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

நாங்கள் மாற்ற நினைத்த பெரிய திட்டத்தைப் பிறகு கவனமாகப் படித்தேன். பதிவிறக்கம் மூன்று மடங்கு. பதிவேற்றம் அதே 5. கூடுதலாகப் பணம் கட்டியிருப்போம், மாலைத் திணறல் அப்படியே இருந்திருக்கும். இதற்கான மருந்து வரிசையை நிர்வகிக்கத் தெரிந்த ரௌட்டர்தான். எஃப்க்யூ-கோடெல் என்ற முறை, ஒவ்வொரு தொடர்பின் போக்குவரத்தையும் தனித்தனி வரிசையில் வைத்து முறைவைத்து அனுப்புகிறது. வரிசையில் நெடுநேரம் நிற்பவற்றைத் தானே தள்ளிவிட்டு அனுப்புநருக்குச் சேதி சொல்கிறது. 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் அது வெளிவந்தது. நிறுவனம் கொடுத்த பெட்டியில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழைய ரௌட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரௌட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருளை ஏற்றி, பதிவேற்றத்தை அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டுக்குக் கட்டி வைத்தேன். வரிசை மோடத்துக்குள் சேராமல் ரௌட்டருக்குள்ளேயே சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பத்து விழுக்காட்டை விட்டுக்கொடுக்கிறோம். கைபேசி காணொலிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோதே பிங் 30-க்குள் நின்றது. பெரிய திட்டத்தைப் பற்றிய பேச்சு வீட்டில் அதோடு அடங்கிவிட்டது.

எவ்வளவு வேகம் போதும்

இதற்குப் பிறகு வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் முழு எச்டி படத்துக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. தெளிவான காணொலி அழைப்புக்கு 3, 4 மெகாபிட் போதும், ஆனால் அது இரு திசையிலும் வேண்டும். மெகாபிட்டை எட்டால் வகுத்தால்தான் கோப்பு அளவுகளில் பேசப்படும் மெகாபைட் கிடைக்கும் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட் இறங்கும். 50 ஜிகாபைட் விளையாட்டு ஒன்று இறங்க 100-இல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும், 300-இல் 22 நிமிடம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது அவரவர் பாடு. நான்கு மாணவர்கள் இருக்கும் வீட்டுக்கு 100 பதிவிறக்கமும் 20 பதிவேற்றமும் தாராளம் என்பது என் கருத்து. 300-க்கு 10 என்ற திட்டமும் 100-க்கு 100 என்ற திட்டமும் ஒரே விலையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பேன். மாதத் தரவு அளவு தாண்டியதும் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிட வேண்டும். சொந்தமாகச் சர்வர் நடத்திப் பழக விரும்பும் கணினி மாணவர்கள், தங்கள் இணைப்புக்கு, வெளியிலிருந்து நேராக அணுகக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைய முகவரியாக 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கும் முகவரி தெரிந்தால், பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குள் நாம் இருக்கிறோம் என்று பொருள். வெளியிலிருந்து நம் கணினிக்கு நேராக வர முடியாது.

கூடவே வரும் பெட்டி

ரௌட்டர் வாங்கும்போது ஆன்டெனாக் கொம்புகளை எண்ண வேண்டாம். வைஃபை 6 இருந்தால் நல்லது. நெருக்கமான அடுக்குமாடியில் பல கருவிகளை ஒரே நேரத்தில் சமாளிக்க அது உதவும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். பக்கத்து வீடுகள் இருபதும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அடுக்குமாடியில் அதுவே வரம், ஏனெனில் அண்டை வீட்டாருடையதும் நம் சுவரை எளிதில் தாண்டுவதில்லை. லேன் கேபிள் செருகும் துளைகள் ஜிகாபிட் வகையா என்று பார்க்க வேண்டும். மலிவான பெட்டிகள் பலவற்றில் அவை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும், அப்புறம் 300 திட்டம் எடுத்து என்ன பயன்? வாங்கப் போகும் மாதிரி ஓப்பன்டபிள்யூஆர்டியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்; நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திய பிறகும் அப்படிப்பட்ட பெட்டிக்கு ஆயுள் இருக்கும். வேகமான இணைப்பில் வரிசை நிர்வாகம் செய்ய நல்ல செயலி வேண்டும் என்பதால், மிகப் பழையது 100-ஐத் தாண்டித் தடுமாறக்கூடும்.

நிறுவனத்தின் பெட்டியும் சொந்த ரௌட்டரும் இருக்கும் வீட்டில் இரண்டும் ஒரே வேலையைச் செய்ய முயலக் கூடாது. அவர்களுடைய பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும்படி, மாற்றச் சொல்லலாம். மறுத்தால், குறைந்தது அதன் வைஃபையையாவது அணைத்துவிடலாம். இணைப்பு, ரௌட்டரே உள்நுழைய வேண்டிய பிபிபிஓஇ முறையில் என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நிறுவ வந்த ஊழியரிடம் இருக்கும். அவர் படியிறங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும், பிறகு வாடிக்கையாளர் சேவையில் அதைப் பெறுவது பெரும் பாடு. சொந்த ரௌட்டரால் இன்னொரு வசதியும் உண்டு: வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறாததால், புது வீட்டில் அதைச் செருகியதுமே கைபேசி, கணினி, அச்சுப்பொறி எல்லாம் எதுவும் நடக்காதது போலத் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

காலி செய்யும் வாரத்தில் நிறுவனத்தின் பெட்டியை மட்டும் தனியே எடுத்து, வரிசை எண் தெரியும்படி படம் பிடித்து, நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் கண்காணிப்பு எண்ணை, கடைசி பில் வந்து முன்பணம் திரும்பும் வரை அழிக்கக் கூடாது. மின் அடாப்டரில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஓஎன்டியுடையதும் ரௌட்டருடையதும் ஒரே கறுப்பில், ஒரே முனையோடு இருக்கும். ஒன்று 12 வோல்ட், மற்றது 9 வோல்ட் என்று இருக்கக்கூடும். குடிவந்த அன்றே இரண்டிலும் பெயரெழுதி ஒட்டிவிட்டால், புது வீட்டில் ரௌட்டர் ஏன் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.